தை மாதத்து முகப்பு

அக்கா தான் இருந்த வீட்டைத் தெருவைக் கடந்துபோய் நின்றுதான் பார்ப்பார். காலையில் குப்பைப் பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நேரே திரும்பி வரமாட்டார். எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணைச் சற்றுச் சுருக்கி, வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பதுபோலப் பார்ப்பார். மழை தூறினாலும் நிற்பார். பிறகு வந்து செடியில் ஒரு கொப்பை ஒடிப்பார், ஒரு பூச்சாடியைக் கொஞ்சம் அரக்கி வைப்பார், மறுபடியும் தெருவைக் கடப்பார்.

"என்னக்கா, வீடு ஓடிப்போயிடுமெண்டே பாக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"றோட்டாலை போறவனுக்கு என்ன தெரியுதெண்டு பாக்கிறன் தம்பி. உள்ளுக்கை இருக்கிற எங்களுக்கு அது தெரியாதல்லோ."

வீடு அக்காவுடையதல்ல. இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வடக்கே, பெல்லெக்ரீனோ மலைக்கும் கடலுக்கும் இடையில், இரும்புக் கேற்றும் சின்ன முற்றமுமாக வரிசையாய் நிற்கும் பழைய வீடுகளில் அது ஒன்று. கணவனை இழந்த ஒரு வயோதிப சிக்னோரா, நம் பேச்சில் ஒரு வீட்டு அம்மா, அதில் தனியே இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அக்கா அங்கே தங்கி வேலை செய்தார். தொண்ணூறுகளில் எங்கள் சனத்தில் பாதிப்பேர் இப்படித்தான், யாரோ ஒருவருடைய வீட்டில், யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு மாடிவீடுகளின் படிக்கட்டு கழுவுகிற வேலை. சனிக்கிழமை பின்னேரங்களில் அக்காவுக்குப் பாரமான வேலை ஏதும் இருந்தால் போய்ச் செய்து கொடுப்பேன். அவர் எனக்கு உறவில்லை. அவர் தீவுப்பகுதி, நான் மன்னார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் ஏற்பட்ட பழக்கம். என் மூத்த பிள்ளைக்கு அவர்தான் ஞானத்தாய்.

பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பட்டம் "முகப்பு அக்கா." அவர் கோயில் வாசலில் வருவதைக் கண்டாலே, "முகப்பு அக்கா வாறா, பிள்ளையளின்ரை மூக்கைத் துடையுங்கோடி" என்று சிரிப்பார்கள். அது உண்மைதான். பெருநாளுக்குப் படம் எடுக்க நிற்கும்போது அக்கா வரிசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை போய், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்து, கொலரை இழுத்து விட்டுத்தான் தன் இடத்துக்கு வருவார். சப்பாத்தில் ஓட்டை இருந்தால் அந்தப் பிள்ளையைப் பின்வரிசையில் நிறுத்துவார்.

அவர் பூசைக்குப் போட்டுக்கொண்டு வருவது சிக்னோரா கொடுத்த கறுப்பு மேலங்கி. கழுத்துவரை பொத்தான் பூட்டி, ஒரு தூசி இல்லாமல் இருக்கும். ஒருமுறை கோயில் மண்டபத்தில் வெக்கை தாங்காமல் எல்லோரும் மேலங்கியைக் கழற்றிவிட்டோம். என் மனுசி, "நீங்களும் கழட்டுங்கோவன் அக்கா" என்று பொத்தானில் கை வைத்தாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார். உள்ளே போட்டிருந்த சுவெற்றர் கழுத்தடியில் நூல் நூலாய்ப் பிய்ந்திருந்ததை மனுசி அதற்குள் கண்டுவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் அதை என்னிடம் சொன்னாள்.

சுகம் கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான் உண்டு. "ஆண்டவர் கிருபையாலை நல்ல சுகம்." காய்ச்சலில் கண் சிவந்து, செபப் புத்தகத்தைப் பிடிக்க முடியாதபோதும் அதே பதிலைத்தான் சொன்னார்.

அவருடைய ஊர்க்காரர் ஒருவர் எனக்கு ஒரு கதை சொன்னார். சண்டைக் காலத்தில் ஒரு ஷெல் விழுந்து அக்கா வீட்டின் பின்பக்கக் கூரை முழுவதும் போய்விட்டதாம். கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பெருநாள் வந்தது. அக்கா எங்கிருந்தோ சுண்ணாம்பு தேடிப் பிடித்து முன் சுவருக்கு மட்டும் வெள்ளை அடித்தாராம். ஊரே சிரித்ததாம். நான் அதை அக்காவிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன? பங்குச் சுவாமி வீடு மந்திரிக்க வரேக்கை முன்பக்கத்தாலைதானே வருவார்?" என்றார். சிரிக்கவில்லை. அதைக் கேட்டு நானும் சிரிக்கவில்லை.

*

அந்தத் தெரு முகப்பு அவருக்கு உயிர்ப் பிரச்சினையாகிப் போனதற்குக் காரணம் சிக்னோராவின் மகன். ஒரே பிள்ளை, மிலானோவில் பெரிய வேலை. அக்கா அங்கே போன முதல் வருடம் நத்தாருக்கு மனைவியோடு வந்தார். காரை நிறுத்திவிட்டுக் கேற்றடியில் நின்று முற்றத்தைப் பார்த்தார்.

முற்றத்தில் அப்போது நின்றது ஒரு பொமேலியா மரம். நம் ஊர்க் கோயில்களிலும் கல்லறைகள் இருக்கிற சேமக்காலைகளிலும் நிற்குமே, கொப்பை ஒடித்தால் பால் வடியும், வெள்ளைப் பூப் பூக்கும், அந்த மரம்தான். பலேர்மோச் சனத்துக்கு அதில் பெரிய பாசம். கோடையில் தெருவே மணக்கும். குளிர் தொடங்கியதும் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டைத் தடிகளாக நிற்கும். தடிகளின் நுனி குளிரில் அழுகாமலிருக்க, ஒவ்வொரு நுனியிலும் ஒரு முட்டைக்கோதைக் கவிழ்த்து வைப்பார்கள். இந்த ஊரில் எந்த பல்கனியைப் பார்த்தாலும் குளிர்காலத்தில் இந்த முட்டைக்கோது மரங்கள்தான். சிக்னோராவின் மரம் அவர் கலியாணம் முடித்து வந்தபோது அவருடைய தாய் பெரிய மண்சாடியில் வைத்துக் கொடுத்தது. சமைக்கிற ஒவ்வொரு முட்டையின் கோதையும் சிக்னோரா கழுவிக் காயவைத்துத் தன் கையாலேயே கொண்டுபோய் மாட்டுவார்.

மகன் பார்த்தது அந்த மொட்டைத் தடிகளை, முட்டைக்கோதுகளை, மதிலில் படர்ந்த ஈர ஊறலை, உதிர்ந்து கிடந்த சருகை. உள்ளே வந்து மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சொன்னாராம். அக்கா சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்:

"அம்மா, வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு. இப்படி உங்களை விட்டுவைச்சால் தெருவிலை இருக்கிற ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்? எங்களுக்குக் கிட்ட கன்னியாஸ்திரிகள் நடத்துற நல்ல வயோதிபர் இல்லம் ஒண்டு இருக்கு. யோசியுங்கோ."

அவர்கள் திரும்பிப் போன பிறகு சிக்னோரா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "என்னை இஞ்சையிருந்து கொண்டுபோக விடாதை. என்ரை மனுசன் இந்தக் கட்டிலிலைதான் போனவர். நானும் இதிலைதான்." அக்கா செபமாலையை எடுத்து இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்து, "மாதா அறிய விடமாட்டன்" என்று தமிழிலேயே சொன்னார். சிக்னோராவுக்கு விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை அக்கா என்னிடம் சொன்னார்: "மகன் தாயின்ரை அறையை எட்டிப் பாக்கேல்லைத் தம்பி. உடுப்பைப் பாக்கேல்லை, மருந்தைப் பாக்கேல்லை. கேற்றடியிலேயே முடிவெடுத்திட்டார். அப்ப நாங்கள் கேற்றடியைத்தான் திருத்தவேணும். அதுவும் குளிருக்கு. கோடையிலை அவர் வரமாட்டார்."

*

முதல் முயற்சி பெரிய பகிடியாகப் போனது. அடுத்த ஒக்டோபர் கடைசியில் கபோ சந்தைக்குப் போன அக்கா கண்டது எங்கே பார்த்தாலும் செவ்வந்திச் சாடிகள். மஞ்சள், வெள்ளை, ஊதா. நம்மவருக்குச் செவ்வந்தியைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? என்னையும் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பஸ் மாறி, மடியிலும் காலடியிலும் சாடிகளை வைத்துக்கொண்டு வந்தோம். கேற்றின் இரண்டு பக்கமும் அடுக்கினோம். அக்கா தெருவைக் கடந்துபோய்ப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"எப்பிடித் தம்பி?"

"பெருநாள் மாதிரி இருக்கக்கா."

எதிர்வீட்டு மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். தெருவில் எல்லோரும் மயெஸ்த்ரா என்றே சொல்வார்கள். பல்கனியில் நின்றுதான் எல்லாவற்றையும் பார்ப்பார், பல்கனியில் நின்றுதான் எல்லாவற்றையும் சொல்வார். கீழே இறங்கி வந்து சிக்னோராவின் வீட்டுக்குள் கால் வைத்ததை அக்கா கண்டதில்லை. அவர் செவ்வந்தியைக் கண்டதும் சிலுவை அடையாளம் போட்டார். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பாண் பேக்கரிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கேற்றடியில் நின்றார். கறுப்புச் சால்வையோடு இரண்டு கிழவிகள் வந்தார்கள். பிறகு உள்ளே ரெலிபோன் அடித்தது. சிக்னோராதான் எடுத்தார். மறுமுனையில் மிலானோவிலிருந்து மகன், மயெஸ்த்ரா சொல்லக் கேட்டு, அழுகிற குரலில்.

சிக்னோரா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் செத்துப்போனேனா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!" என்றார்.

இந்த நாட்டில் செவ்வந்தி சேமக்காலைக்கு மட்டும் கொண்டுபோகிற பூ என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. செத்தவர்களை நினைக்கிற சகல ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது என்றுதான் சந்தை நிறைய அடுக்கியிருந்தார்கள். சிக்னோரா கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு காணவில்லை. அக்கா சிரிக்கவில்லை. சாடிகளை ஒவ்வொன்றாக வீட்டின் பின்னால், கோடிப்பக்கம் தூக்கிக்கொண்டு போனார்.

"இனி ஆரையும் கேளாமல் வாங்கேலாது," என்றார்.

*

கபோவில் மரக்கறி விற்கிற ஒருவரிடம் அவருடைய மூன்று சில்லு வண்டியை ஒரு பின்னேரம் இரவல் வாங்கினேன். அக்காவை முன்னால் நெருக்கி இருத்திக்கொண்டு, நகரத்தின் மறுகரையில், சியாகுல்லிப் பக்கம், மண்டரின் பழத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு செடித் தோட்டத்துக்குப் போனோம். தோட்டக்காரர் முன்தள்ளிய வண்டி வயிறும் கம்பளித் தொப்பியுமாக ஒரு மனிதர்.

"என்ன வேணும் சிக்னோரா?"

அக்காவின் இத்தாலியன் சமையலறைக்கும் மருந்துக்கடைக்கும் போதும், செடித் தோட்டத்துக்குப் போதாது. கொஞ்சம் யோசித்து, "ஜெனாயோ" என்றார். தை மாதம்.

"தை மாதம் நான் விக்கிறேல்லை அம்மா. செடிதான் விக்கிறன்."

அக்கா விடவில்லை. ஒவ்வொரு பத்தைக்கும் முன்னால் போய் நின்று, அதைக் காட்டி, "ஜெனாயோ, என்ன முகம்?" என்று கேட்டார். மனிதருக்கு விளங்கிவிட்டது. பகிடிக்காரர். செவ்வரத்தைக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் குறட்டை விட்டுக் காட்டினார். ரோசாவுக்குத் தொப்பியைக் கழற்றித் தன் மொட்டந்தலையைக் காட்டினார். பிறகு பெருமையாக ஒரு பத்தையைக் காட்டினார். பார்த்தால் நம்முடைய உண்ணிச்செடி.

"ஐயோ, இது காணி துப்பரவாக்கேக்கை முதல் வெட்டி எரிக்கிற சாமானல்லோ!" என்று அக்கா என்னைப் பார்த்தார். "இதைப் போய்ச் சாடியிலை வைச்சிருக்கிறான், பாவி."

அடுத்தது குளிரில் செம்மஞ்சள் காய் குலைகுலையாய்த் தொங்குகிற ஒரு முட்பத்தை. உண்மையிலேயே வடிவு. அக்கா தொட்டுப் பார்த்தார், விரலில் இரத்தம். "முள்ளுமுடி ஆண்டவருக்கு ஒருக்கா வைச்சது காணும்" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

கடைசியில் விபூர்னோ என்ற பத்தைக்கு வந்தோம். கடும் பச்சை இலை, குளிரிலும் கொட்டாது. நத்தாருக்குச் சிவந்த மொட்டு, தையில் வெள்ளைப் பூங்கொத்து, மாசி முடியும்வரை நிற்கும் என்று தோட்டக்காரர் விரல்விட்டுச் சொன்னார். பக்கத்தில் கொர்பேத்சொலோ என்ற ஒன்று. ஒரே கொப்பில் சிவப்புப் பழமும் வெள்ளைப் பூவும் ஒன்றாய் நின்றன. அக்காவின் முகம் மாறியது. ஆனால் பக்கத்தில் பார்த்து முடிவெடுக்கிற ஆளா அவர்? என் இரண்டு கையிலும் இரண்டு சாடியைத் தந்து தெருவோரத்தில் நிற்கச் சொன்னார். தான் றோட்டைக் கடந்து மறுபக்க மதிலடியில் போய் நின்றார். மண்டரின் ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்து ஏதோ கத்திக்கொண்டு போனார்கள்.

"சரிச்சுப் பிடியும் தம்பி! ... இல்லை, மற்றப் பக்கம்! ... கொஞ்சம் உயத்தும்!"

தோட்டக்காரர் என்னிடம் கேட்டார்: "இந்த அம்மா செடி வாங்க வந்தவவோ, இல்லாட்டி மகனுக்குப் பொம்பிளை பாக்க வந்தவவோ?"

திரும்பி வரும்போது வண்டிப் பெட்டி நிறையச் செடி. அக்கா மனதுக்குள்ளேயே எல்லாவற்றையும் நட்டுவிட்டார். "மதிலிலை ஊறல் இருக்கிற இடத்துக்கு உயரமான பச்சை. கேற்றுக்கு ரெண்டு பக்கமும் சிவப்புப் பழம். சிக்னோராவின்ரை யன்னலுக்குக் கீழை வெள்ளைப் பூ, அது யன்னல் மட்டத்துக்கு வளர்ந்தால் சட்டத்திலை பெயின்ற் போனது தெரியாது."

"அப்ப அந்தப் பொமேலியா?"

"அது கோடிப்பக்கம் போகட்டும். குளிருக்கு அதுக்கு முகமில்லை."

நானும் இன்னொரு பெடியனும் பொமேலியாச் சாடியைச் சாக்கில் வைத்து இழுத்துக்கொண்டு போனோம். சிக்னோரா வாசலில் நின்று பார்த்தார். அதற்குப் பிறகு அக்கா முட்டைக்கோதுகளைக் கோடிப்பக்கத்துக்குக் கொண்டுபோய் மாட்டுவார். சிக்னோரா சமையலறை யன்னலால் பார்த்து, "இன்னும் ரெண்டு நுனி மிச்சம்" என்று சொல்வார்.

*

அந்தக் குளிர்காலம் அக்கா வென்றார். சும்மா வெற்றியில்லை. நடந்து போகிற சனம் நின்று பார்த்தது. மயெஸ்த்ரா பல்கனியிலிருந்து கைதட்டினார். நத்தாருக்கு வந்த மகன் கேற்றடியில் நின்று படம் எடுத்தார், மனைவியையும் நிறுத்தி எடுத்தார். உள்ளே வந்து, கோப்பி குடித்து, தாயின் நெற்றியில் முத்தம் கொடுத்து, அக்காவிடம் "பிராவா, பிராவா" என்று மெச்சிவிட்டுப் போனார். வயோதிபர் இல்லப் பேச்சே இல்லை. அக்கா அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, என் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து, மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏற்றினார்.

அடுத்த வருடம் மகன் நத்தாருக்கு வரவில்லை. ரெலிபோனில் கேட்டார். மயெஸ்த்ராதான் சொல்லிவிட்டாராம், வீடு தபாலட்டை மாதிரி இருக்கிறதென்று. பிறகு எதற்கு வரவேண்டும்?

ஆனால் அந்த நத்தாருக்கு முந்தின கோடையிலேயே சிக்னோராவுக்குப் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டிருந்தது. பேச்சு பாதி போனது. கட்டிலோடுதான். தூக்கவேண்டும், திருப்பவேண்டும், துடைக்கவேண்டும், கரண்டியால் ஊட்டவேண்டும். இரவில் ஒரு சத்தம் போடுவார், அக்கா எழும்பிப் போய்க் கையைப் பிடித்தால் நிற்கும், விட்டால் திரும்பத் தொடங்கும். அக்கா கதிரையிலேயே இருந்து விடிய வைப்பார். பூசைக்கு வருவது நின்றது. நானும் மனுசியும் சனிக்கிழமைகளில் போவோம். அக்காவின் கால்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. ஒரு படி ஏறுவதற்குச் சுவரைப் பிடித்தார். முன் முற்றத்தில் மட்டும் ஒரு பழுத்த இலை கிடக்காது.

"அக்கா, இன்னொரு ஆளைக் கேளுங்கோவன். இரவுக்கெண்டாலும்," என்றாள் மனுசி.

"கேட்டனான் பிள்ளை, தாய் கட்டிலோடை எண்டு முழுக்கச் சொல்லாமல். மகன் என்ன சொல்லுறார் தெரியுமே? 'எல்லாம் நல்லா நடக்குதெண்டு கேள்விப்படுறன், ஏன் மாத்துவான்' எண்டு."

"அப்ப உங்களுக்கு ஏலாதெண்டு சொல்லுங்கோ. உள்ளதைச் சொல்லுங்கோ."

அக்கா குரலைத் தாழ்த்தினார், சிக்னோராவுக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல. "ஏலாதெண்டு சொன்னால் அடுத்த நாள் வந்து தூக்கிக்கொண்டு போயிடுவார். நான் மாதாவுக்கு முன்னாலை சொன்ன சொல்லு. நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. மயெஸ்த்ராவிட்டையும் கூடாது."

நாங்கள் எழும்பும்போது, மனுசி கதவடியில் நின்று கேட்டாள்: "உங்களுக்குச் சுகமோ அக்கா?"

"ஆண்டவர் கிருபையாலை," என்றார் அக்கா. மிச்சத்தைச் சொல்ல அவருக்கு மூச்சுக் காணவில்லை.

*

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. விபூர்னோ முழுவதும் பூத்து, வெள்ளை வெளேரென்று நின்றது. சிக்னோராவின் யன்னலை அது பாதிக்கு மேல் மூடிவிட்டது. மணியை அடித்தேன், ஒருவரும் வரவில்லை. திரும்ப அடித்தேன். கோடிப்பக்கத்தால் சுற்றிப் போய்ச் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

அறையில் இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். காலையில் சிக்னோராவைக் கதிரைக்கு மாற்றத் தூக்கும்போது அக்காவுக்கு இடுப்பில் நாரி பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒன்றாய் விழுந்திருக்கிறார்கள். அக்காவின் இடக்கை மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. எழும்ப முடியவில்லை. கட்டில் போர்வையை ஒரு கையால் இழுத்துச் சிக்னோராவைச் சுற்றி மூடி, அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. முதல் இவவைத் தூக்கும். குளிர்ந்துபோச்சு ஆள்."

தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். கால்களைத் தேய்த்துச் சூடாக்கினேன். பிறகு அக்காவைத் தூக்கிக் கதிரையில் இருத்தினேன். குளிருக்கு வீட்டுக்குள்ளும் அந்தக் கறுப்பு மேலங்கியோடுதான் இருந்தார், பாரமே இல்லை. மேலங்கிக்குள் இவ்வளவு காலமும் ஆள் இருந்ததா என்று எனக்குப் பட்டது.

"கூப்பிடேல்லையே அக்கா?"

"தொண்டை கிழியக் கூப்பிட்டன். தபால்காரன் வந்தவன், கடிதத்தைப் போட்டிட்டுப் போயிட்டான். பிறகு மயெஸ்த்ராவின்ரை குரல் கேட்டுது. அதிசயமாய்க் கீழை இறங்கி வந்து கேற்றடியிலை நிண்டவ. ஆரோ விருந்தாளிக்குக் காட்டுறா. 'பாருங்கோ, என்ன வடிவு! இந்த வீட்டிலை இருக்கிற ஆக்களுக்கு ஒரு குறையும் இல்லை' எண்டு." அக்கா மூச்சு வாங்கினார். "நான் குரல் அடைச்சு நிலத்திலை கிடந்து கேக்கிறன். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லைத் தம்பி. அங்கை கிடந்து நன்றி சொல்லட்டோ?"

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அதுவும் சத்தமில்லாமல்.

நான் மருந்துக்கடைக்கு ஓட எழும்பினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கோடியிலை அந்தப் பெரிய கத்தரிக்கோல் இருக்கு. எடுத்துக்கொண்டு வாரும்."

"ஏனக்கா?"

"முன்னுக்கு நிக்கிற எல்லாத்தையும் வெட்டும். அடியோடை."

"பூத்து நிக்குதக்கா!"

"அதுதான் வெட்டச் சொல்லுறன். ஏலாத வருத்தக்காரி இருக்கிற வீடு எண்டு றோட்டாலை போறவனுக்குத் தெரியட்டும்."

"மகன் அறிஞ்சால் கொண்டுபோயிடுவாரெண்டு நீங்கள்தானே..."

அக்கா கட்டிலைப் பார்த்தார். சிக்னோராவின் ஒரு கண் திறந்திருந்தது. "கொண்டுபோனாலும் போகட்டும். நாளைக்கு நான் இவவுக்கு மேலை விழுந்து செத்தால், அது சொல்லைக் காப்பாத்தினதோ? ஏலாது தம்பி. இனி என்னாலை தனிய ஏலாது."

தன்னால் ஏலாது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றுதான்.

வெளியே போனேன். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு யன்னலடியிலிருந்து தொடங்கினேன். விபூர்னோக் கொப்பு தடிப்பமாய் வளர்ந்திருந்தது, கத்தரிக்கோல் இலேசில் ஏறவில்லை. வெள்ளைப் பூ தலையிலும் கழுத்திலும் கொட்டியது. யன்னல் தெரிந்தது. பெயின்ற் உரிந்த சட்டம் தெரிந்தது. மதிலின் பச்சை ஊறல் தெரிந்தது. யன்னலுக்கூடாகக் கட்டிலின் இரும்புத் தலைப்பும், மருந்துப் போத்தல்களும், கயிற்றில் காயப்போட்ட துணிகளும் தெருவுக்குத் தெரிந்தன. கேற்றடிக் கொர்பேத்சொலோவுக்கு வந்தபோதுதான் மேலிருந்து கத்தல் கேட்டது.

"ஏய்! உனக்கு விசரோ? பூத்து நிக்கிற மரத்தை! ஆர் உன்னை வெட்டச் சொன்னது?"

மயெஸ்த்ரா. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டு வெட்டினேன். அவர் உள்ளே போனார், கீழ்க் கதவு அடித்துத் திறந்தது. வீட்டுச் செருப்போடு, ஒரு கார் பிரேக் போட, தெருவைக் கடந்து வந்தார். என்னைத் தள்ளிக்கொண்டு கேற்றைத் திறந்து, "எங்கை அவள்? எங்கை? இதென்ன அநியாயம்?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார்.

நான் பின்னால் போனேன். அறை வாசலில் அவருடைய சத்தம் நின்றுவிட்டது. கட்டிலைப் பார்த்தார். தரையில் கிடந்த போர்வையைப் பார்த்தார். அக்காவின் கையைப் பார்த்தார். அக்கா எழும்ப முயன்று, முடியாமல், ஒரு கையால் தலைமயிரை ஒதுக்கிச் சரிசெய்யப் பார்த்தார்.

மயெஸ்த்ரா யன்னலடிக்குப் போனார். அங்கிருந்து அவருடைய பல்கனி நேரே தெரிந்தது. சிவப்புச் சாடிகளும் துணிக்கொடியுமாக. அதைப் பார்த்தார். பிறகு என்னிடம், "கோப்பிச் சட்டி எங்கை இருக்கு?" என்றார்.

ரெலிபோனை அவர்தான் எடுத்தார். மகனோடு அவர் கதைத்த விதத்தைக் கேட்டபோது, ஒரு காலத்தில் அவருக்கு முன்னால் பள்ளிக்கூட வாங்கில் இருந்த பிள்ளை அந்த மகன் என்று விளங்கியது. "தாயைக் கொண்டுபோறதெண்டு நினையாதை, நான் கேற்றிலை நிப்பன். ஆள் அனுப்பு. ரெண்டு பேர். திங்கட்கிழமைக்கு நீயும் வா, வந்து உள்ளுக்கை இரு." மகன் வந்தார். வந்து கேற்றடியில் நின்று வெட்டிப்போட்ட முற்றத்தைப் பார்த்தார், இந்த முறை படம் எடுக்கவில்லை. இரவுக்கு எங்கள் சனத்தில் ஒரு பிள்ளையை வைத்தார்கள். பகலில் தெருப்பெண்கள் முறை வைத்து வந்தார்கள். சிக்னோரா உயிர்த்த ஞாயிறு கழித்து, அந்தக் கட்டிலிலேயே, நற்கருணை வாங்கி, கண்ணை மூடினார். அக்காவின் சொல்லை ஆண்டவர் காப்பாற்றினார் என்றுதான் நான் விசுவசிக்கிறேன்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தப் பின்னேரம். அக்காவின் கையைக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்து, சமையலறையில் இருத்தியிருந்தோம். மயெஸ்த்ரா சிக்னோராவின் பக்கத்தில் கதிரையைப் போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வெட்டிய கொப்புகளை அள்ளிக் கட்டிவிட்டு, போய்ட்டு வாறன் என்று சொல்ல வந்தேன்.

மயெஸ்த்ரா சமையலறைப் பக்கம் தலையை அசைத்துக் கேட்டார்: "அவளின்ரை பேர் என்ன?"

இத்தனை வருடம் எதிர்வீட்டில். நான் சொன்னேன். அவர் அதை ஒருமுறை பிழையாகவும் ஒருமுறை கொஞ்சம் சரியாகவும் சொல்லிப் பார்த்தார். பிறகு சமையலறையைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அக்காவுக்குக் கேட்கவில்லை. மேசையில் தலையை வைத்து, வாய் சற்றுத் திறந்தபடி, மேலங்கிப் பொத்தானெல்லாம் கழன்று கிடக்க, அவர் நித்திரை.